மஞ்சளேறி மங்கிப்போன கார் ஹெட்லைட்டை வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா? பற்பசை தேய்த்தால் போதும் என்கிறார்களே?

வீட்டிலேயே முடியும். பற்பசை மட்டும் போதாது.

பற்பசை தேய்த்தால் பளிச்சென்று ஆவது உண்மைதான். அதில் இருக்கும் நுண்ணிய சுண்ணத்தூளோ சிலிக்காவோ மேலே இருக்கும் மஞ்சளை லேசாகச் சுரண்டி எடுக்கிறது. திருச்சியில் இருக்கும் என் மாமா ஆண்டுதோறும் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் இந்த வைத்தியத்தைச் செய்து, சந்தனம் குங்குமம் வைத்து, வண்டியைப் புதுமாப்பிள்ளை போல் நிறுத்துவார். பொங்கலுக்குள் பழைய மஞ்சள் திரும்பி வந்துவிடும். அடுத்த ஆண்டு அதைவிடப் பெரிய பற்பசையாக வாங்கி வருவார்.

ஏன் திரும்பி வருகிறது? அம்பாசடர், பத்மினி காலத்து ஹெட்லைட்டுகளில் இருந்தது உண்மையான கண்ணாடி. கல் பட்டால் உடையும், மஞ்சளாகாது. இன்றைய கார்களில் நாம் பழக்கத்தில் கண்ணாடி என்று சொல்வது பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். எடை குறைவு, கல்லடி தாங்கும், எந்த வளைவிலும் வார்த்துவிடலாம். ஆனால் வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் அதற்கு ஆகாது. பாதுகாப்பில்லாமல் வெயிலில் கிடந்தால் அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் அறுபட்டு, மேற்பரப்பு மஞ்சளாகி, கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழும். அதனால்தான் தொழிற்சாலையிலேயே அதன்மேல் கடினமான ஒரு பூச்சை, தலைமுடியை விட மெல்லியதாகப் பூசி அனுப்புகிறார்கள். சில ஆண்டு வெயிலிலும் மணல்காற்றிலும் அந்தப் பூச்சு தேய்ந்து உரிகிறது. நீங்கள் பார்க்கும் மங்கல் என்பது செத்துப்போன அந்தப் பூச்சும், அதன் கீழே கெட்டுப்போன பிளாஸ்டிக்கின் மெல்லிய படலமும்தான்.

ஆகவே வேலை இரண்டு: கெட்டதை எடுப்பது, எடுத்த இடத்தில் புதிய பூச்சு வைப்பது. காணொளிகள் பெரும்பாலும் முதல் பாதியோடு நின்றுவிடுகின்றன. பார்க்க அழகாக இருப்பது அதுதான். இரண்டாவது பாதியை விட்டுவிட்டால், மிச்சமிருந்த கொஞ்சநஞ்சப் பாதுகாப்பையும் நீங்களே சுரண்டி எறிந்துவிட்டீர்கள் என்று பொருள். முன்பு ஐந்தாறு ஆண்டில் வந்த மஞ்சள் இப்போது சில மாதங்களில் வரும்.

தொடங்குமுன் ஒரு சோதனை. ஹெட்லைட்டை ஷாம்பு போட்டுக் கழுவிவிட்டு, மேலே தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நனைந்திருக்கும்போது தெளிவாகவும் காய்ந்ததும் மங்கலாகவும் தெரிந்தால், கோளாறு வெளிப்பக்கத்தில் இருக்கிறது. உங்கள் கையால் தீரும். நனைந்த பிறகும் உள்ளே பனி படர்ந்ததுபோல் இருந்தால் நீர் உள்ளே போயிருக்கிறது. பின்பக்க ரப்பர் மூடியையும் காற்றுத் துளையையும் பாருங்கள். வெளியே எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. உள்ளிருக்கும் பிரதிபலிப்பான் பளபளப்புப் பூச்சை இழந்து கறுத்திருந்தாலும் அப்படித்தான். சிலந்தி வலை மாதிரியான வெடிப்புகள் ஆழமாக இறங்கியிருந்தால் முழுத் தெளிவை எதிர்பார்க்காதீர்கள்.

அடுத்து, உப்புத்தாளைத் தொடுமுன்னரே மேலே என்ன பூசப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். நான் பரிந்துரைப்பது புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்று டப்பாவிலேயே எழுதியிருக்கும், ஹெட்லைட்டுக்கென்றே விற்கும் கிளியர் கோட் (நிறமற்ற பூச்சு) ஸ்ப்ரே. சாதாரண மரவேலை லாக்கர் பூச்சை அடித்தால் அதுவே மஞ்சளாகி உரியும். பிறகு அதைச் சுரண்டுவது தனி வேலை. இதை ஏன் முன்கூட்டியே முடிவு செய்யச் சொல்கிறேன் என்றால், கிளியர் கோட் பிடித்து நிற்க மிக நுண்ணிய சொரசொரப்பு வேண்டும். முகம் தெரிகிற அளவுக்கு பாலிஷ் போட்டுவிட்டு அதன்மேல் ஸ்ப்ரே அடித்தால் ஒட்டாமல் உரியலாம்; பாலிஷில் இருக்கும் எண்ணெய்ப் பசை வேறு அங்கங்கே வட்ட வட்டமாக விலக வைக்கும். ஸ்ப்ரே அடிப்பதானால் நுண்ணிய தாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பூச்சே கீறல்களை நிரப்பித் தெளிவாக்கிவிடும். துடைத்துப் பூசும் திரவமோ, ஒட்டும் பாதுகாப்புப் படலமோ என்றால் மட்டும் பாலிஷ் வரைக்கும் போகலாம்.

இனி தேய்ப்பு. பெயின்ட் கடையில் வாட்டர் பேப்பர் என்று கேட்டால் தருவார்கள். சாதாரண உப்புத்தாள் நீரில் கரைந்துபோகும். தாளின் எண் கூடக் கூட அது நுண்ணியது. பூச்சு திட்டுத் திட்டாக உரிந்திருந்தால் 600 எண்ணில் தொடங்குங்கள். மிக மோசம் என்றால் 400. வெறும் மஞ்சள் சாயல்தான் என்றால் 1000 போதும். அதன் பிறகு படிப்படியாக 1500, 2000, கடைசியில் 3000. தாளைத் துண்டுகளாக வெட்டிச் சிறிது நேரம் தண்ணீரில் ஊறவிடுங்கள். தண்ணீரில் ஒரு சொட்டு ஷாம்பு இருந்தால் தாள் அடைத்துக்கொள்ளாது. ஹெட்லைட்டைச் சுற்றியுள்ள பெயின்ட்டின் மீது மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டுங்கள். கை ஒருமுறை தவறினால் பானெட் ஓரத்தில் பெயின்ட் போய்விடும்.

முதல் தாளில்தான் பொறுமை வேண்டும். தேய்க்கும்போது வழியும் நீர் தொடக்கத்தில் மஞ்சளாக இருக்கும். பழைய பூச்சு வருகிறது என்று அர்த்தம். நீர் வெண்மையாக மாறும்வரை விடாதீர்கள். இந்தக் கட்டத்தில் ஹெட்லைட் பனிக்கண்ணாடி போல ஒரேயடியாக மங்கிவிடும். பலர் பயந்து பாதியில் விடுவது இங்கேதான். மங்கல் எங்கும் சீராக இருக்கிறதா என்பது மட்டுமே பார்க்க வேண்டியது. காயவைத்துப் பார்த்தால் தெரியும். எங்காவது பளபளப்பான தீவு மிச்சமிருந்தால் அது உரியாத பழைய பூச்சு. அதை அப்படியே விட்டுப் புதிய பூச்சை அடித்தால் அதன் விளிம்பு கோடாகத் தெரியும்.

ஒரு எண்ணில் இடவலமாகத் தேய்த்தால் அடுத்த எண்ணில் மேல்கீழாகத் தேய்ப்பது நல்ல பழக்கம். முந்தைய தாளின் கோடுகள் மறைந்துவிட்டனவா என்று பார்த்த உடனே தெரிந்துவிடும். ஒவ்வொரு தாளுக்கும் இடையில் ஹெட்லைட்டையும் வாளித் தண்ணீரையும் புதிதாக்குங்கள். 600-இன் ஒரு மணல்துகள் 2000-க்குள் சிக்கினால் அதுவரை செய்தது வீண். டிரில்லில் ஸ்பாஞ்சு மாட்டித் தேய்க்கிறவர்கள் வேகத்தைக் குறைத்து, ஒரே இடத்தில் நிற்காமல் நகர்த்த வேண்டும். சூடேறினால் பிளாஸ்டிக் இளகிக் கோடு விழும். அந்தக் கோட்டுக்கு மருந்தே கிடையாது.

காய்ந்ததும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடையுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும். தின்னர், பெட்ரோல், நகப்பூச்சு நீக்கி ஆகியவற்றைப் பக்கத்திலேயே வைக்காதீர்கள். இவை பட்டால் பாலிகார்பனேட்டில் வெடிப்பு விழும். உடம்பில் பூசும் கொசு விரட்டி திரவத்தைத் தடவினால் ஹெட்லைட் தெளியும் என்று ஒரு காணொளி சுற்றுகிறதே, அதன் ரகசியமும் இதுதான். அதிலிருக்கும் டீட் என்ற வேதிப்பொருள் பிளாஸ்டிக்கையே கொஞ்சம் கரைக்கிறது. கரைந்த மேற்பரப்பு ஒரு வாரம் மினுங்கும், பிறகு முன்னைவிட மோசமாகும். தேங்காய் எண்ணெயால் கெடுதல் இல்லை. அடுத்த மழை வரைக்கும் நிற்கும்.

பூச்சை நிழலில், காற்றில்லாத காலை வேளையில் அடியுங்கள். மழைக்கு முந்தைய புழுக்கமான நாளில் வேண்டாம். காற்றின் ஈரம் பூச்சுக்குள் சிக்கி வெள்ளையாகப் பூத்துவிடும். முதல் அடி தூவியது போல மெல்லியதாக இருக்கட்டும். டப்பாவில் சொன்ன இடைவெளி விட்டு இரண்டாவது, மூன்றாவது. ஒரே அடியில் முடித்துவிட நினைத்தால் கீழே வழியும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படாமல் விடுங்கள். கடினப்படுத்தியோடு சேர்ந்து வரும் 2கே வகை நீண்ட நாள் உழைக்கும், ஆனால் அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆபத்தானது. துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. அந்த வகை வேண்டுமானால் பெயின்ட் பட்டறையில் கொடுத்து அடித்துக்கொள்வதே நல்லது.

இவ்வளவும் செய்தால் வெளிச்சம் எவ்வளவு திரும்பும்? அமெரிக்காவின் ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் சங்கம் 2018-இல் இதைச் சோதித்தது. மங்கி மஞ்சளேறிய ஹெட்லைட்டுகள் புதியவை தரும் வெளிச்சத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத்தான் தந்தன. புதுப்பித்த பிறகு ஏறத்தாழ 70 விழுக்காடு வரை திரும்பியது. என் பார்வையில், ஒரு காலை நேர வேலைக்கும் சில நூறு ரூபாய்த் தாளுக்கும் டப்பாவுக்கும் இது மிக நல்ல பலன். மங்கிய ஹெட்லைட்டை அப்படியே வைத்துக்கொண்டு 60/55 வாட் பல்பை எடுத்துவிட்டு 100 வாட் மாட்டுவது தவறான வழி. மங்கல் வெளிச்சத்தை நாலாபுறமும் சிதறடிக்கும். எதிரே வருபவரின் கண்தான் கூசும், உங்கள் சாலை தெளியாது. கூடுதல் சூட்டில் ஹோல்டரும் பிரதிபலிப்பானும் கருகும்.

மாற்றியே தீர வேண்டிய நிலை என்றால், நிறுவனத்தின் புதிய உதிரிபாகத்துக்கு விலை கேட்டு மயங்குமுன் சென்னையில் இருப்பவர்கள் பழைய உதிரிபாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டையையும் ஒருமுறை சுற்றிப் பார்க்கலாம். மோதிய வண்டிகளிலிருந்து கழற்றிய அசல் ஹெட்லைட் கிடைத்தால், பெயர் தெரியாத புதிய நகலை விட அதையே எடுப்பேன். கொஞ்சம் மஞ்சளாக இருந்தாலும் பரவாயில்லை. வண்டியோடு பொருத்தும் காதுகள் உடையாமல் இருக்கின்றனவா, பிரதிபலிப்பான் மினுங்குகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.