நால்வர் பாய, எழுவர் காக்க: சாக் உருவாகும் விதம்

கேள்வி: 2025 பிப்ரவரியில் நடந்த 59ஆவது சூப்பர் பவுலில் (அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டி), பிலடெல்பியா ஈகிள்ஸ் அணி ஒருமுறைகூட பிளிட்ஸ் (நால்வருக்கு மேல் பாயும் தாக்குதல்) அனுப்பாமலே கான்சஸ் சிட்டியின் குவாட்டர்பேக் (பந்தை எறிபவர்) பேட்ரிக் மஹோம்ஸை ஆறு முறை சாக் செய்தது, அதாவது எறியுமுன் பந்தோடு வீழ்த்தியது. இது எப்படிச் சாத்தியமாயிற்று? ஒரு சாக்கில் பாய்ந்து வந்தவரின் பங்கு எவ்வளவு, பின்னால் ரிசீவர்களை (எறிந்த பந்தைப் பிடிப்பவர்களை) காத்து நின்றவர்களின் பங்கு எவ்வளவு என்பதை ஆட்டம் பார்க்கும்போது எப்படிக் கண்டுகொள்வது?

பதில்: சாக் என்பது அடிப்படையில் ஒரு நேரக் கணக்கு. ஸ்னாப் (பந்து பின்னே குவாட்டர்பேக்கிடம் தரப்பட்டு ஆட்டம் தொடங்குவது) ஆனது முதல் பந்தை எறிவதற்குக் குவாட்டர்பேக் பொதுவாக எடுத்துக்கொள்வது இரண்டரையிலிருந்து மூன்று நொடி. திறமையான தற்காப்பு லைன்மேன் (முன்வரிசை வீரர்) தன்னை மறிப்பவரைத் தாண்டி வரவும் ஏறக்குறைய அதே நேரம் ஆகிறது. ஆகவே முதல் ரிசீவர் காலியாகக் கிடைத்துவிட்டால், எவ்வளவு வேகமான ரஷரும் (பாய்ந்து வருபவரும்) ஓரடி பிந்தித்தான் வந்து சேர்வார். அந்த முதல் எறிதலை மறுத்து, குவாட்டர்பேக்கை இன்னும் அரை நொடி பந்தோடு நிற்க வைப்பதே கவரேஜின் (ரிசீவர்களைக் காப்பவர்களின்) வேலை.

அந்த அரை நொடி பல வழிகளில் கிடைக்கிறது. முதல் ஐந்து யார்டுக்குள் ரிசீவர் மீது கை வைக்க விதி இடம் தருவதால், கார்னர்பேக் (ஓரத்தில் ரிசீவரைக் காப்பவர்) அங்கேயே அவரை இடித்துத் தாமதப்படுத்தலாம். குவாட்டர்பேக் பின்வாங்கும் அடிகளும் ரிசீவரின் ஓட்டமும் ஒன்றுக்கொன்று பொருத்தி வகுக்கப்பட்டவை. கடைசி அடியில் பின்னங்கால் ஊன்றும்போது ரிசீவர் உரிய இடத்தில் இல்லையென்றால் எறிதல் நின்றுவிடுகிறது. இன்னொரு வழி வேடம் மாறுவது. ஸ்னாப்புக்கு முன் இரண்டு சேஃப்டிகளும் (கடைசிக் காவலர்கள்) ஆழத்தில் நிற்பதுபோல் காட்டி, பந்து நகர்ந்தபின் ஒருவர் கீழே இறங்கினால், குவாட்டர்பேக் முன்கூட்டி எடுத்த முடிவு பயனற்றுப் போய், அவர் களத்தைப் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கும். ஈகிள்ஸின் தற்காப்புப் பயிற்சியாளர் விக் ஃபாஞ்சியோ பல்லாண்டுகளாகக் கையாண்டுவரும் முறை இது.

ஆறு பேரைப் பாய அனுப்பினால் ஐந்து ரிசீவர்களுக்கு ஐந்தே காவலர்கள்தாம் மிஞ்சுவார்கள். பாய்ந்தவர் விட்டுச்சென்ற இடமும் வெறிச்சோடிக் கிடக்கும். அந்த வெற்றிடத்தில் நொடியில் பந்தைப் போடுவதில் மஹோம்ஸ் கைதேர்ந்தவர். நால்வர் மட்டும் பாய்ந்தால் ஐவருக்கு எழுவர் காவல் இருப்பார்கள். ஆனால் அந்த நால்வரும் தனித்தனியே வெல்ல வேண்டும் என்பதுதான் இதற்கு விலை. ஜோஷ் ஸ்வெட் ஓரத்திலிருந்து இரண்டரை சாக் (இருவர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்கு அரை) எடுத்தார். ஆனால் நடுவிலிருந்து தள்ளி இரண்டு சாக் எடுத்த மில்டன் வில்லியம்ஸின் ஆட்டம் அதற்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று என்பேன். ஓரத்திலிருந்து வருபவரைத் தவிர்க்க முன்னே நகரும் குவாட்டர்பேக்குக்கு அங்கே கால் வைக்க இடமில்லாமல் செய்பவர் அவரே.

இரண்டாம் காற்பகுதியில் ஈகிள்ஸ் 10-0 என முன்னிலையில் இருக்க, மஹோம்ஸ் அடுத்தடுத்து இரண்டு முறை சாக் ஆனதால், மூன்றாம் டவுனில் (நான்கு முயற்சிகளில் மூன்றாவதில்) 16 யார்டு தேவைப்பட்டது. நீண்ட பாஸ்தான் வரும் என்று தெரிந்து நின்ற ஈகிள்ஸின் கூப்பர் டிஜீன் பந்தைப் பறித்து 38 யார்டு ஓடி டச்டவுன் அடித்தார். கவரேஜ் ரஷருக்கு நேரம் தருவதுபோல், ரஷரும் கவரேஜுக்கு வாய்ப்பை உருவாக்கித் தருகிறார்.

இனி, கண்டுகொள்ளும் வழி. மறு ஒளிபரப்பில் ஸ்னாப்பிலிருந்து நொடிகளை எண்ணுங்கள். இரண்டரை நொடிக்குள் குவாட்டர்பேக் விழுந்தால் பெருமை பெரும்பாலும் ரஷருக்கு, அல்லது மறித்தவரின் பிழைக்கு. மூன்றரை நொடியைத் தாண்டி, அவருடைய ஹெல்மெட் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் திரும்பி, கால்கள் இருந்த இடத்திலேயே துள்ளிக்கொண்டிருந்தால், ஆட்டக்காரர்கள் கவரேஜ் சாக் என்று சொல்வது அதைத்தான். ஆயினும் புள்ளிவிவரப் பட்டியலில் கடைசியாகப் பிடித்து வீழ்த்தியவர்கள் பெயர் மட்டுமே ஏறுகிறது. கார்னர்பேக்குகளுக்கு இது பெரிய அநீதி.

ஒரு எச்சரிக்கையும் தேவை. ரிசீவர் காலியாக இருந்தும் குவாட்டர்பேக் பார்க்கத் தவறுவதுண்டு. அதைக் கவரேஜின் கணக்கில் சேர்க்கக் கூடாது. வழக்கமான தொலைக்காட்சிக் கோணத்தில் ஆழத்தில் நிற்பவர்கள் தெரிவதில்லை என்பதால், 22 வீரர்களையும் காட்டும் ஆல்-22 காட்சி கிடைத்தால், பின்னங்கால் ஊன்றிய கணத்தில் படத்தை நிறுத்தி ஐந்து ரிசீவர்களையும் ஒவ்வொருவராகப் பாருங்கள்.