மூடிய தொழிலை வைத்துப் பாடம் நடத்தலாமா?

கேள்வி: வணக்கம் அம்மா. எனக்கு 35 வயது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பிறந்தவன், அப்பா வெள்ளிப் பட்டறை வைத்திருக்கிறார். டிசைனில் முதுநிலைப் பட்டம் வாங்கி, பெங்களூரில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். பிறகு ஊருக்கு வந்து, கொலுசு வேலை செய்யும் பதினொரு பெண்களைச் சேர்த்து ஒரு சமூகத் தொழில் தொடங்கினேன். கழுத்து வலிக்காமல் உட்கார்ந்து செய்ய வேலைமேசை வடிவமைத்துக் கொடுத்தேன். இடைத்தரகர் இல்லாமல் ஆன்லைனில் விற்றோம். மூன்றே வருஷத்தில் மூட வேண்டியதாயிற்று. வெள்ளி விலை ஏறியபோது சரக்கு வாங்கக் கையில் பணம் இல்லை. மேசைகளில் பாதி பரண் மேல் போய்விட்டது. இப்போது ஒரு தனியார் பல்கலைக்கழகம் டிசைன் ஸ்ட்ராட்டஜியும் சமூகத் தொழில்முனைவும் நடத்த உதவிப் பேராசிரியராக வரச் சொல்கிறது. சம்பளம் பெங்களூரில் வாங்கியதில் பாதிக்கும் குறைவு. 'கடையை நடத்தத் தெரியாதவன் பிள்ளைங்களுக்கு என்னத்தச் சொல்லிக் குடுக்கப் போற' என்கிறார் அப்பா. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. போகலாமா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சேலம்.

பதில்: போங்கள் தம்பி. பதிலை முதலிலேயே சொல்லிவிட்டேன், காரணத்தை இனிமேல் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு மூன்று தரம் திரும்பப் படித்தது, 'மேசைகளில் பாதி பரண் மேல் போய்விட்டது' என்ற வரியை. போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். சிவதாபுரம், பனங்காடு பக்கம் கொலுசு வேலை நடக்கும் வீடுகளுக்கு நானும் போயிருக்கிறேன். பகலில் பட்டறையாக இருக்கும் அதே அறையில்தான் ராத்திரி பாய் விரிப்பார்கள். அந்த வீட்டுப் பெண் சுவரில் முதுகைச் சாய்த்து, ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டித் தரையில் உட்கார்ந்திருப்பார். மடியிலிருந்து முன்னால் வரைக்கும் ஒரு பழைய துணி விரித்திருக்கும். இடுக்கியால் வளையம் வளையமாகக் கோத்துக்கொண்டே இருப்பார். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வரும் சத்தம் கேட்டதும் அந்தத் துணியின் நாலு மூலையையும் சேர்த்துப் பிடித்து ஒரே தூக்காகத் தூக்கிவிடுவார். வெள்ளித் துகள் ஒரு பொட்டுக்கூடச் சிந்தாது. எடை போட்டு வாங்கியதை எடை போட்டுத்தானே திருப்பித் தரவேண்டும்? சேதாரத்துக்கு மேல் குறைந்தால் கூலியில் கைவைப்பார்கள்.

இப்போது உங்கள் மேசையை அந்த அறையில் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். கழுத்துக்கு நல்லதுதான். ஆனால் துகள் எங்கே விழும்? ராத்திரி ஆனால் மேசை எங்கே போகும்? பரணுக்குத்தான் போகும். அதைப் பரணில் ஏற்றிய பெண் உங்களுக்கு ஒரு முழுப் பாடமே நடத்தியிருக்கிறார். அந்தப் பாடம் வேறு யாரிடமும் கிடைக்காது தம்பி.

டிசைன் ஸ்ட்ராட்டஜி என்று பெரிய பெயர் வைத்திருக்கிறோமே, அந்தப் படிப்பின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. பொருளை எப்படிச் செய்வது என்று யோசிப்பதற்கு முன்னால், எதைச் செய்வது, யாருக்காக, காசு யார் கொடுப்பார்கள், எதைத் தொடாமல் விடுவது என்று தீர்மானிப்பது அது. 1958இல் அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி இந்திய அரசுக்கு ஒரு அறிக்கை கொடுத்தார்கள். அதைத் தொடர்ந்துதான் 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது. அந்த அறிக்கையில் அவர்கள் மனசு விட்டு வியந்தது நம் வீட்டுச் செம்பைப் பார்த்து. எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும், தலையில் தூக்குவதா இடுப்பில் வைப்பதா, உள்ளங்கைக்கு எப்படிப் பொருந்துகிறது, என்ன விலையாகும் என்று கேள்வி கேள்வியாக அடுக்கியிருப்பார்கள். 'ராத்திரி இதை எங்கே வைப்பார்கள்?' என்ற கேள்வியை அந்த வரிசையில் சேர்க்க உங்களால் முடியும். நீங்கள் காசு கொடுத்துக் கற்றுக்கொண்ட கேள்வி அது.

அடுத்தது இடைத்தரகர் விஷயம். சமூகத் தொழில்முனைவு வகுப்பில் முதல் வாரமே மாணவர்கள் சொல்வது, 'இடைத்தரகரை எடுத்துவிட்டால் லாபம் தொழிலாளிக்குப் போகும்' என்பதைத்தான். நானும் பல வருஷம் அதைத் தலையாட்டிக் கேட்டிருக்கிறேன். ஆனால் செவ்வாய்ப்பேட்டையில் அந்த வியாபாரி என்னென்ன செய்கிறார் என்று எழுதிப் பாருங்கள். வெள்ளியை அவர் வாங்குகிறார். விலை ஏறினாலும் இறங்கினாலும் அடி அவருக்கு. தொழிலாளி கையில் சரக்கைக் கொடுத்து, கொலுசாக வாங்கிக் கூலி கொடுக்கிறார். வெளியூர்க் கடைக்காரர் பணத்தை இழுத்தடித்தால் அதையும் தாங்குகிறார். கூலியைக் குறைத்துப் பிடிக்கிறவரும் அவர்தான், அதை நான் மறுக்கவில்லை. நீங்கள் அவரை விலக்கியபோது அவர் தூக்கிக்கொண்டிருந்த சுமையும் சேர்ந்து உங்கள் தலைக்கு வந்துவிட்டது. அந்தச் சுமைக்கு நீங்கள் திட்டம் போட்டிருக்கவில்லை. வெள்ளி விலை ஏறிய மாதங்களின் கணக்கு நோட்டு உங்களிடம் இருக்கும் இல்லையா? அதை நகல் எடுத்து, ஒவ்வொரு மாணவருக்கும் ஒன்று கொடுத்து, 'இந்தத் தேதியில் நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?' என்று கேளுங்கள். மூன்று வகுப்பு போதாது.

அப்பா சொன்னது உங்களைக் காயப்படுத்தியிருக்கும். ஆனாலும் ஒரு சாயங்காலம் பட்டறையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, டச்சு என்கிற வெள்ளியின் தரம், கடன், எடை எல்லாம் அவர் எப்படிச் சமாளிக்கிறார் என்று கேளுங்கள். மகன் கேட்கவில்லையே என்ற ஏக்கமும் அந்தப் பேச்சில் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

வெற்றிக் கதைகளும் வேண்டும், அவற்றை விட்டுவிடாதீர்கள். மதுரையில் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976இல் பதினொரு படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை எல்லாப் பாடத்திட்டத்திலும் வைத்திருப்பார்கள். கண்ணுக்குள் பொருத்தும் வெளிநாட்டு லென்ஸ் கட்டுப்படியாகாததால் 1992இல் ஆரோலேப் என்ற தொழிற்கூடம் தொடங்கித் தாங்களே செய்துகொண்டார்களே, அந்த முடிவை எடுத்துப் பேசுங்கள். நமக்குப் பக்கத்திலேயே, தர்மபுரி மாவட்டம் சிட்டிலிங்கியில், டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதா ரெஜியும் 1993இல் மருத்துவ சேவை செய்யப் போனார்கள். பிறகுதான் இயற்கை விவசாயச் சங்கமும், லம்பாடிப் பெண்களின் எம்பிராய்டரி வேலையும் வந்தன. அவசரமே படாமல், ஊர்க்காரர்கள் கேட்கக் கேட்க, ஒன்றிலிருந்து ஒன்றாக வளர்ந்தது. மாணவர்களை இரண்டு நாள் அங்கே அழைத்துப்போக முடிந்தால் போங்கள்.

'ஃபீல்டு விசிட்' பற்றி என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் ஆசிரியர் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருஷம் என்று நினைக்கிறேன், இருபது மாணவர்களோடு அம்மாப்பேட்டையில் ஒரு தறிக்காரர் வீட்டுக்குப் போனேன். வெண்பட்டு வேட்டி நெய்கிறவர். பிள்ளைகள் ஆளுக்கொரு நோட்டை வைத்துக்கொண்டு பிரச்சினைகளைக் கேட்டு எழுதினார்கள். அவர் நாடாவை நிறுத்தாமலே பதில் சொன்னார். கிளம்பும்போது அவர் மனைவி வாசல் வரை வந்து, 'ஏங் கண்ணு, போன வருசம் வந்தவங்களும் இதையேதான் கேட்டு எழுதிட்டுப் போனாங்க. அவங்க என்ன பண்ணுனாங்க?' என்று கேட்டார். போன வருஷம் அனுப்பியதும் நான்தான். என்னிடம் பதில் இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு பிள்ளையும் பேசவில்லை. அன்றைக்கு அவர் இழந்த நேரத்துக்கு நான் ஒரு ரூபாய்கூடக் கொடுத்திருக்கவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அடுத்த வருஷத்திலிருந்து ஒரே தெருவுக்குத்தான் போனோம், போன வருஷம் செய்ததைக் காட்டிவிட்டுத்தான் புதிதாகக் கேட்டோம், கூலி இழப்பைக் கணக்குப் பார்த்துக் கொடுத்தோம்.

சரி, வேலையைப் பற்றி. சம்பளத்தை லேசாக நினைக்காதீர்கள். தொழிலில் வந்த கடன் பாக்கி இருந்தால், மாதத் தவணை போக மிச்சம் எவ்வளவு என்று முதலில் எழுதிப் பாருங்கள். குடும்பம் நடத்தப் போதாது என்றால், வெளியில் ஆலோசனை வேலை எடுத்துச் செய்ய அனுமதி உண்டா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு. அதற்கு மேல் எவ்வளவு போடுவார்கள், அட்மிஷன் காலத்தில் ஊர் ஊராக அனுப்புவார்களா, கல்லூரித் தர மதிப்பீட்டுக்கான நாக் கோப்பு வேலை யார் தலையில் என்று அங்கே ஏற்கெனவே இருக்கிறவர்களிடம் டீக்கடையில் வைத்துக் கேளுங்கள். நேர்காணல் அறையில் அது தெரியாது.

தகுதியைப் பொறுத்தவரை, 2023 ஜூலையிலிருந்து உதவிப் பேராசிரியராக நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வில் தேர்ச்சியே குறைந்தபட்சத் தகுதி என்று யுஜிசி மாற்றிவிட்டது, முனைவர் பட்டம் கட்டாயமில்லை. உங்கள் துறை தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇயின் கீழ் வருகிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், அவர்களுக்குத் தனி விதி. ஆனால் மேலே போக முனைவர் பட்டம் வேண்டியிருக்கும், பகுதி நேரமாகவாவது பதிவு செய்துவிடுங்கள். தொழில் அனுபவத்தை வைத்து 'பிராக்டிஸ் பேராசிரியர்' ஆக 2022இல் ஒரு வழி திறந்தார்கள். அதற்கு 15 வருஷ அனுபவம் கேட்கிறார்கள், உங்களுக்கு ஒன்பதுதான். தவிர அது நாலு வருஷத்துக்கு மேல் நீடிக்காத பதவி.

எல்லாவற்றையும்விட ஒன்றில் கறாராக இருங்கள். உங்கள் பாடத்துக்கு ஐம்பது நிமிஷப் பீரியட் உதவாது. வாரத்தில் ஒரு முழு நாளாவது உடையாமல் கிடைக்க வேண்டும். ஆத்தூர்ப் பக்கம் சேகோ ஆலைக் களத்தில் ஜவ்வரிசி காய்வதைப் பார்க்கப் போனால், மழை மேகம் கூடியதும் ஆட்கள் எப்படி ஓடுகிறார்கள், தார்ப்பாயை யார் பிடிக்கிறார்கள், குச்சிக்கிழங்குத் திப்பி, அதாவது சக்கை, எங்கே போய்ச் சேர்கிறது என்று காத்திருந்து பார்க்க வேண்டும். மூன்றரை மணிக்குக் கல்லூரி பஸ் கிளம்பிவிடும் என்றால் ஒன்றும் பார்க்க முடியாது. அந்த ஒரு நாளையும் போகவரச் செலவையும் தரமாட்டோம் என்று சொன்னால், இந்த வேலை வேண்டாம், வேறு இடம் தேடுங்கள்.

சேர்வதென்று முடிவானால், வகுப்பு தொடங்குவதற்கு முன்னால் அந்தப் பதினொரு வீட்டுக்கும் போய்வாருங்கள். தொழிலை மூடியதிலிருந்து நீங்கள் அவர்கள் முகத்தைப் பார்க்கப் போகவில்லை என்று என் மனசுக்குப் படுகிறது, தப்பாக இருந்தால் மன்னியுங்கள். கஷ்டமாகத்தான் இருக்கும். ஒருத்தர் கோபமாகப் பேசலாம், ஒருத்தர் காப்பி போட்டுக் கொடுக்கலாம். 'நம்ம கதையை வகுப்பில் சொல்லப்போகிறேன், சொல்லலாமா, எதைச் சொல்ல வேண்டாம்?' என்று கேளுங்கள். வேண்டாம் என்பவரின் கதையை விட்டுவிடுங்கள். வர விருப்பம் உள்ளவரை ஒரு நாள் வகுப்புக்கே அழையுங்கள். மற்ற சிறப்புப் பேச்சாளருக்குக் கொடுக்கும் அதே மதிப்பூதியம் அவருக்கும் கிடைக்க வேண்டும், அதைத் துறைத் தலைவரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். அன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வரும் அவர் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், பரண் மேல் கிடக்கும் மேசைகளில் ஒன்றைக் கேட்டு வாங்கி உங்கள் வகுப்பறையில் வையுங்கள். நீங்கள் கொடுத்ததுதானே என்று சும்மா தூக்கி வந்துவிடாதீர்கள். அது இப்போது அவருடையது, விலை பேசி வாங்குங்கள்.