51 பெகாசி விண்மீனின் கோளை யாரும் நேரில் பார்க்கவில்லை என்றால், அது இருப்பது எப்படித் தெரியும்?

விண்மீன் ஆடுகிறது, அதனால் தெரியும். கோள் மட்டும் சுற்றுவதில்லை; அதன் ஈர்ப்பில் விண்மீனும் ஒரு சிறு வட்டம் போடுகிறது. நம்மை நோக்கி வரும்போது அதன் ஒளி நிறமாலையில் (நிறம் நிறமாகப் பிரித்த ஒளியில்) நீலப் பக்கமும், விலகும்போது சிவப்புப் பக்கமும் துளி நகரும். சுமார் 50 ஒளியாண்டு தொலைவிலுள்ள இந்த விண்மீனின் வேகம் நொடிக்கு 56 மீட்டர் அளவுக்கு ஏறி இறங்குவதை, பிரான்சின் ஓத்-ப்ரொவான்ஸ் வானாய்வகத்தில் மிஷேல் மாயோரும் திதியே கெலோவும் கண்டுபிடித்து 1995இல் அறிவித்தார்கள்.

சரி, இதில் என்ன அதிசயம்? அந்த ஆட்டம் 4.2 நாளுக்கு ஒருமுறை திரும்ப வந்தது, அதாவது கோள் ஒரு சுற்றை முடிக்க அவ்வளவு நாள்தான்! நம் வியாழன் சூரியனைச் சுற்ற ஏறத்தாழ 12 ஆண்டு எடுக்கும். இதுவோ வியாழனில் குறைந்தது ஏறத்தாழப் பாதியளவு நிறையுள்ள ராட்சதக் கோள். புதன் சூரியனுக்கு இருப்பதைவிட ஏழு மடங்கு நெருக்கத்தில் ஓடுகிறது. இவ்வளவு பெரிய வாயுக்கோள் அங்கே உருவாகவே முடியாது என்றுதான் அதுவரை பலரும் நினைத்திருந்தார்கள். கோளே இல்லை, விண்மீன்தான் துடிக்கிறது என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு (நியாயமான சந்தேகம்தான்). பின்னர் வந்த அளவீடுகளில் அது அடிபட்டுப்போனது. கோள் தன் விண்மீனிலிருந்து தொலைவில் பிறந்து உள்நோக்கி நகர்ந்திருக்கலாம் என்பது இன்று பரவலான விளக்கம்.

"குறைந்தது" என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. நம்மை நோக்கிய வேகம் மட்டுமே இந்த முறையில் கிடைக்கும். சுற்றுப்பாதை நம் பார்வைக் கோட்டுக்குச் சாய்ந்திருந்தால் உண்மை நிறை இன்னும் கூடும்.