பானெட் முழுக்க மெல்லிய கோடுகள்: ரப்பிங் போடலாமா?

கேள்வி: என்னுடையது கறுப்பு நிறக் கார். வாங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. குடியிருப்பில் ஒருவர் தினமும் காலையில் துணியால் துடைத்துக் கொடுக்கிறார். போன வாரம் நானே கிளே பார் (அழுக்கைப் பிடுங்கும் களிமண் கட்டி) வாங்கித் தேய்த்து, ஒட்டியிருந்த அழுக்கை எடுத்தேன். இப்போது வெயிலில் பார்த்தால் பானெட் முழுக்க மெல்லிய கோடுகள். சில இடங்களில் பளபளப்பே மங்கித் தெரிகிறது. ரப்பிங் போட்டு (சொரசொரப்பான பசையால் பெயிண்டைத் தேய்த்து), அதன் மேல் செராமிக் கோட்டிங் என்ற பாதுகாப்புப் பூச்சு அடித்தால் எல்லாம் போய்விடும் என்கிறார்கள் கடையில். செய்யலாமா, அல்லது வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?
– மதுரை வாசகர் ஒருவர்

பதில்: ரப்பிங்குக்கு இப்போது அவசியமே இல்லை. நீங்கள் சொல்வது மேலோட்டமான சிராய்ப்பு. பொறுமை இருந்தால் வீட்டிலேயே எடுத்துவிடலாம்.

முதலில் ஒரு சோதனை. நிழலில் வண்டியை நிறுத்திக் கழுவித் துடைத்த பிறகு, செல்போன் விளக்கைப் பானெட்டுக்கு மேலே பிடியுங்கள். விளக்கின் பிம்பத்தைச் சுற்றி வளையம் வளையமாகக் கோடுகள் தெரியும். விளக்கை நகர்த்தினால் வளையங்களும் கூடவே நகரும். உண்மையில் கோடுகள் வட்டமானவை அல்ல. எல்லாத் திசையிலும் ஓடுகின்றன. ஒளிக்குக் குறுக்கே அமைந்தவை மட்டும் மின்னுவதால் வட்டமாகத் தோன்றுகிறது. இனி நகத்தை ஒரு கோட்டின் மேல் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்காமல் போனால் பாலிஷ் போதும். தடுக்கினால் அது ஆழமான கீறல். அதை முழுவதும் எடுக்க முயல வேண்டாம்.

காரணம், எடுப்பதற்கு அங்கே இருப்பது கொஞ்சம்தான். நிறப் பூச்சின் மேல் இருக்கும் கிளியர் கோட் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பது அந்தப் படலம்தான். பாலிஷ் செய்வது என்றால் கோடுகளை நிரப்புவதல்ல, கோடுகளைச் சுற்றியுள்ள பரப்பைச் சீவிச் சமப்படுத்துவது. சீவியது திரும்ப வராது. ரப்பிங் காம்பவுண்டை (அந்தச் சொரசொரப்பான பசையை), ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி மெஷினில் போட்டு அவசரமாக ஓட்டுகிறவர்கள், தேவைக்கு மேல் படலத்தை எடுப்பதோடு, வெயிலில் மட்டும் தெரியும் புதிய சுழல் தடங்களையும் விட்டுவிடுகிறார்கள். கறுப்பு வண்டியில் அது கொடுமையாகத் தெரியும்.

மங்கலுக்குக் காரணம் நீங்கள் தேய்த்த கிளே பார்தான். போதிய வழுக்கல் திரவம் தெளிக்காவிட்டாலோ, களிமண்ணை அடிக்கடி மடித்துப் புதுப் பக்கத்தைத் திருப்பாவிட்டாலோ, பிடுங்கிய மணலே பெயிண்டில் உரசும். கவலைப்பட வேண்டாம்; கிளே போட்ட பிறகு லேசாகப் பாலிஷ் செய்வது வழக்கம்தான்.

வேண்டியவை: டூயல் ஆக்‌ஷன் மெஷின், மென்மையான ஃபோம் பேட் இரண்டு மூன்று, ஃபினிஷிங் பாலிஷ் (காம்பவுண்டைவிட மென்மையானது), சுத்தமான மைக்ரோஃபைபர் துணிகள், மாஸ்கிங் டேப். டூயல் ஆக்‌ஷன் மெஷின் சுழன்றுகொண்டே அதிர்வதால் ஒரே இடத்தில் சூடு ஏறுவது குறைவு. புதிதாகப் பிடிப்பவருக்கு இதுவே பாதுகாப்பு. உள்ளங்கை அளவு இடம்தான் என்றால் கையாலும் தேய்க்கலாம். பானெட் முழுவதையும் கையால் செய்தால் அழுத்தம் சீராக விழாது.

தகடு தொட்டால் குளிர்ந்திருக்க வேண்டும். மதுரை வெயிலில் அதிகாலைதான் சரியான நேரம். பானெட்டின் விளிம்புகளிலும் தூக்கலான மடிப்புகளிலும் டேப் ஒட்டுங்கள். அங்கே கிளியர் கோட் மெலிந்திருக்கும், முதலில் தேய்ந்து போவதும் அங்கேதான். பிறகு நடுவில் ஒன்றரை அடிச் சதுரம் ஒன்றை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள். பேடில் பட்டாணி அளவு நான்கு சொட்டு பாலிஷ். மெஷினை ஓட்டுவதற்கு முன் பேடால் அந்த இடமெங்கும் தொட்டுப் பரப்பிவிட்டு, நடு வேகத்தில், மெஷினின் கனத்தோடு சிறிதே அழுத்தம் சேர்த்து, நொடிக்கு ஓர் அங்குலம் என்று மெதுவாக நகர்த்துங்கள். ஒரு முறை நெடுக்கே, மறுமுறை குறுக்கே. ஒவ்வொரு ஓட்டமும் முந்தைய ஓட்டத்தின் பாதியை மூட வேண்டும். நான்கு முறை போதும்.

துடைத்ததும் பளிச்சென்று இருக்கும். அதை நம்பிவிடாதீர்கள்! பாலிஷில் உள்ள எண்ணெய் கோடுகளுக்குள் புகுந்து அவற்றை மறைத்திருக்கலாம். ஐசோபுரோபைல் ஆல்கஹாலை நான்கைந்து மடங்கு தண்ணீரில் கலந்து தெளித்து, அழுத்தாமல் துடைத்துவிட்டு, மறுபடி விளக்கைப் பிடியுங்கள். கோடுகள் போயிருந்தால் இதே முறையில் மற்ற இடங்களையும் முடிக்கலாம். போகவில்லையென்றால் காம்பவுண்டுக்குத் தாவாமல், அதே பாலிஷோடு பேடை மட்டும் ஒரு படி கடினமானதாக மாற்றிப் பாருங்கள். பல வண்டிகளில் இந்த மாற்றமே போதுமானதாக இருக்கும். ஒவ்வொரு சதுரத்துக்குப் பிறகும் பேடை பிரஷால் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். அடைத்துப்போன பேட் தானே கீறத் தொடங்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். பானெட் எப்போதாவது மறுபெயிண்ட் ஆகியிருந்தால், தடிமன் அளக்கும் கருவி உள்ள கடையில் காட்டிய பிறகே தொடுங்கள். மேட் ஃபினிஷ் (பளபளப்பில்லாத) பெயிண்டாக இருந்தால் பாலிஷே கூடாது.

செராமிக் கோட்டிங்கைப் பொறுத்தவரை, அது கோடுகளை அழிக்காது. பாலிஷ் செய்யாத பெயிண்டின் மேல் அடித்தால் கோடுகள் அப்படியே கோட்டிங்கின் அடியில் நிற்கும்; பிறகு அவற்றை எடுக்க வேண்டுமானால் காசு கொடுத்து அடித்த கோட்டிங்கையும் சேர்த்துத் தேய்க்க வேண்டும். பாலிஷ் முடித்த பிறகு அடிப்பது உங்கள் விருப்பம். சாதாரண வாக்ஸ் போட்டுச் சில மாதங்களுக்கு ஒரு முறை புதுப்பித்தாலும் நன்றாகவே இருக்கும்.

ஆனால் காலைத் துடைப்பு தொடர்ந்தால் இந்த உழைப்பெல்லாம் சில வாரங்கள்தான். இரவில் படிந்த தூசியில் மணல் இருக்கிறது. துணி அதை இழுத்துக்கொண்டே போகிறது. பல வண்டிகளுக்கு ஒரே வாளி, ஒரே துணி என்றால் கேட்கவே வேண்டாம். துடைப்பவரிடம் கண்ணாடிகளை மட்டும் துடைத்தால் போதும் என்று சொல்லிவிடுங்கள். மாதச் சம்பளத்தைக் குறைக்க வேண்டாம். வாரம் ஒரு முறை முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியை இறக்கிவிட்டு, ஷாம்புக்கு ஒரு வாளி, கையுறைத் துணியை அலச இன்னொரு வாளி என்று வைத்துக் கழுவுங்கள். போர்வெல் தண்ணீர் என்றால் உலரவிடாமல் உடனே ஒற்றி எடுத்துவிடுங்கள்; உப்புக் கறை தங்கினால் அதற்கும் பாலிஷ் தேட வேண்டிவரும்.