கூலன்ட் மாற்றியதிலிருந்து கார் சூடேறுகிறது. உள்ளே காற்று அடைத்திருக்குமா?

ரேடியேட்டர் நிரம்பித்தான் இருக்கிறது, ஆனாலும் டேஷ்போர்டில் சூடு காட்டும் முள் ஏறுகிறது என்கிறீர்கள். அனேகமாகக் காற்றுதான். எஞ்சின் சூடானதும் ஹீட்டரைப் போட்டுப் பாருங்கள். குளிர்ந்த காற்றே வந்தால் அங்கே கூலன்ட் போகவில்லை.

எனக்கும் இது நடந்தது. கடலூரில் கூலன்ட் போகும் ஹோஸை மாற்றிக்கொண்டு பாண்டிக்குக் கிளம்பினேன். ரெட்டிச்சாவடி தாண்டுவதற்குள் முள் முக்கால்வரை போய், சட்டென்று இறங்கி, மறுபடி ஏறியது. டேஷ்போர்டுக்குப் பின்னால் களக் களக் என்று சத்தம். முள் இறங்கியதைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். சென்சாரைச் சுற்றிக் காற்று நின்றால் எஞ்சின் கொதித்தாலும் முள் குறைத்துக் காட்டும்.

"ஹீட்டரைத் திறந்து வச்சுட்டு ஊத்துனீங்களா தம்பி?" என்று பழைய மெக்கானிக் அண்ணன் ஒருவர் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. நம் ஊர் வெயிலில் ஹீட்டர் பக்கம் யார் கை வைக்கிறார்கள்? பல கார்களில் ஹீட்டர் திருகியைச் சூட்டுப் பக்கம் திருப்பினால்தான் ஹீட்டருக்குக் கூலன்ட் போகும் வால்வு திறக்கும். மூடியே இருந்தால் காற்று உள்ளேயே தங்கிவிடும்.

எஞ்சின் முழுக்க ஆறியபின், காலையில் செய்யுங்கள். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். காரின் முன்பக்கம் உயர்ந்து நிற்க வேண்டும். நம் ஊர் தட்டை, நான் கேப்பர் மலை ஏற்றத்தில் ஓர் ஓரமாக நிறுத்தி, பின்சக்கரத்துக்குக் கல் வைத்தேன். ஹீட்டர் முழுச் சூட்டில், ஃபேன் குறைவாக. மூடியைத் திறந்தபடியே கூலன்ட் ஊற்றி எஞ்சினை ஐடிலில் விடுங்கள். தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் திறந்து ரேடியேட்டருக்குக் கூலன்டை விடும் வால்வு) பக்கம் காற்று விடும் திருகு இருந்தால், குமிழி இல்லாமல் கூலன்ட் வரும்வரை தளர்த்தி வைத்து, பிறகு இறுக்குங்கள்.

முதலில் சின்னக் குமிழிகள் வரும். 80, 90 டிகிரி வாக்கில் தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் மடமடவென்று இறங்கும். உடனே ஊற்றுங்கள். மேல் ஹோஸைத் துணி சுற்றி மெதுவாகப் பிசைந்தால் மிச்சக் காற்றும் வரும். ஹீட்டரில் அனல் அடித்து, ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை ஓடி நின்றால் மூடிவிடலாம். மறுநாள் காலை மட்டம் பாருங்கள், எனக்கு ஒரு டம்ளர் குறைந்திருந்தது.

தயவுசெய்து போர் தண்ணீர் ஊற்றாதீர்கள், கடலோர உப்பு ரேடியேட்டரை அரித்துவிடும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும் பாதிப் பாதி போதும். அப்புறம், அரை மணி நேரமாகியும் குமிழி நிற்கவில்லை என்றால் ஹெட் கேஸ்கெட்டை (எஞ்சினின் தலைப்பகுதிக்கு அடியில் கசியாமல் அடைக்கும் தகடு) மெக்கானிக்கிடம் சோதிக்கச் சொல்லுங்கள், அதுவரை வண்டியை ஓட்ட வேண்டாம்.