மகள் சப்ஸ்டேஷன் வடிவமைப்புக்குப் போகலாமா?

மின்னியல் முடித்த உங்கள் மகள் துணை மின்நிலைய வடிவமைப்பில் சேர ஆசைப்படுகிறாள், நீங்களோ 400 கிலோவோல்ட் என்று கேட்டதும் தூக்கம் கெட்டுக் கிடக்கிறீர்கள். உங்கள் பயம் நியாயமானது, அம்மா. அந்தப் பயத்தைக் கணக்காகப் போட்டுத் தீர்ப்பதுதான் அவளுடைய வேலையாக இருக்கப் போகிறது.

வடிவமைப்பில் பெரும்பாலான நேரம் வரைபடங்களோடு மேசையில்தான் கழியும். ஒரே ஒரு வேலையைச் சொல்கிறேன், புரியும். மின்கம்பி பழுதாகித் தரையோடு சேர்ந்தால், ஆயிரக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் மண்ணுக்குள் பாயும். அந்த நொடியில் யார்டில், அதாவது கருவிகள் நிற்கும் திறந்தவெளியில், நடப்பவரின் இரண்டு பாதங்களுக்கு நடுவிலும், இரும்புத் தூணைத் தொட்டவரின் கைக்கும் காலுக்கும் நடுவிலும் வோல்டேஜ் வேறுபாடு உண்டாகும். அது உயிரைப் பறிக்காத அளவுக்குள் நிற்க வேண்டும். அதற்காக மண்ணில் நான்கு கம்பிகளை அடித்து அதன் மின்தடையை அளப்பார்கள். மனித உடலுக்கு 1000 ஓம் என்று வைத்து, தரைக்கடியில் புதைக்கும் எர்த்திங் வலையின் இடைவெளியைக் கணக்கிடுவார்கள். யார்டு முழுக்க ஜல்லி பரப்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். களை முளைக்காமல் இருக்க என்று பலர் நினைக்கிறார்கள். காலுக்கும் மண்ணுக்கும் நடுவே தடையைக் கூட்டி உயிரைக் காப்பதுதான் அதன் பெரிய வேலை.

தலைமைப் பொறியாளர் ஆனபின் இந்தக் கணக்குகளை மற்றவர்கள் போடுவார்கள், பொறுப்பு அவளுடையது. இரண்டு லைனுக்கு மூன்று பிரேக்கர் (பழுது வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) வைத்து, ஒன்றைப் பராமரிப்புக்கு எடுத்தாலும் சப்ளை நிற்காதபடி செய்வதா, செலவைக் குறைத்து எளிமையாக முடிப்பதா என்று முடிவெடுக்க வேண்டும். சிவில், ஸ்டீல், ரிலே (பழுதைக் கண்டு பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் கருவி) என்று ஒவ்வொரு பிரிவின் வரைபடமும் மற்றதோடு ஒத்துப்போகிறதா என்றும் பார்க்க வேண்டும். அஸ்திவார போல்ட்டும் கருவியின் அடித்தட்டும் பொருந்தவில்லை என்பது கிரேன் வந்து நின்றபிறகு தெரிந்தால் எல்லோர் வேலையும் நிற்கும். இந்தப் பக்குவம் வர எட்டு, பத்து ஆண்டு பிடிக்கும். அதனால் மென்பொருள் துறையில் சேர்ந்த தோழியின் சம்பளத்தோடு முதல் மூன்று ஆண்டுக் கணக்கை ஒப்பிடாதீர்கள்.

பழைய துறையோ என்ற கவலையும் வேண்டாம். ரிலேக்கள் இப்போது ஐஇசி 61850 தரப்படி நெட்வொர்க் வழியே பேசிக்கொள்கின்றன. பிரேக்கரில் தீப்பொறியை அணைக்க நிரப்பும் எஸ்எஃப்6 வாயு கரியமில வாயுவைப் போல 20,000 மடங்குக்கும் மேல் புவியைச் சூடாக்கக்கூடியது. அதற்கு மாற்று தேடும் வேலை மும்முரமாக நடக்கிறது. ஷார்ட் சர்க்யூட் கணக்கையும் பாதுகாப்பு ரிலே பாடத்தையும் அவள் இப்போதே ஊன்றிப் படிக்கட்டும்.

அப்புறம், சைட்டுக்குப் போவதைத் தயவுசெய்து தடுக்காதீர்கள். கருவிகளைச் சோதித்து முதன்முறை மின்சாரம் ஏற்றும் நாளில் பக்கத்தில் நின்று பார்த்தவர் வரையும் வரைபடமே வேறு. நேர்காணலில், "முதல் இரண்டு ஆண்டில் எத்தனை மாதம் என்னைச் சைட்டுக்கு அனுப்புவீர்கள்?" என்று அவளே கேட்கட்டும். அதெல்லாம் தேவையில்லை என்று பதில் வந்தால் வேறு இடம் பார்க்கச் சொல்லுங்கள்.