வாசகர் கேள்வி பதில்: நம்ம கொல்லையில போட்ட உரம் கடலூர் வரைக்கும் போகுமா?

கேள்வி: 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயலப்போ எங்க ஊர்ல ஒரே நாள்ல 50 செ.மீ. மழை கொட்டிச்சு, கொல்லையில போட்ட உரமெல்லாம் அடிச்சிட்டுப் போயிடுச்சு. கடலூர்ல இருக்கிற எங்க சித்தப்பா, உங்க பக்கத்துத் தண்ணி வந்துதான் எங்க முகத்துவாரம் கெடுதுன்னு சொல்றாரு. வெள்ளம் வராத வருஷம் ஒண்ணும் போகாதுல்ல?
— வாசகி, ஊத்தங்கரை

பதில்: போகும்மா, வெள்ளம் இல்லாட்டியும் போகும். உங்க ஊர் மழை பாம்பாறு வழியா தென்பெண்ணையில சேர்ந்து, சாத்தனூர் அணை தாண்டி, கடலூர்கிட்ட கடல்ல கலக்குது. அந்த டிசம்பர்ல சாத்தனூர்லேர்ந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டாங்க, விழுப்புரமும் கடலூரும் பட்ட பாட்டை எல்லாரும் பார்த்தோம்.

வெள்ளம் முக்கியமா தூக்கிட்டுப் போறது மேல்மண்ண. டிஏபி உரத்துல இருக்கிற பாஸ்பேட்ங்கிற சத்து களிமண்ணோட ஒட்டிக்கிற சாமான், அதனால மண்ணு அரிச்சா அதுவும் கூடவே போயிடும், கொஞ்சம் அணையில வண்டலா தங்கும், மிச்சம் கீழ இறங்கிடும். ஆனா வெள்ளம் வந்த அன்னிக்கே முகத்துவாரத்துல பாசி பெருகாது, தண்ணி செம்மண் கலர்ல கலங்கி இருக்கிறதால வெயில் உள்ள எறங்காது, ஓட்டமும் வேகம், நிறைய சத்து நிக்காம கடலுக்கே போயிடும். தண்ணி தெளிஞ்சப்புறம்தான் பாசி கெளம்பும். அளவா இருந்தா இறாலுக்கும் மீன்குஞ்சுக்கும் அதுலேர்ந்துதான் இரை, அதனால வெள்ளத்தை மொத்தமா குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல. அளவு மீறினாதான் வினை, பாசி செத்து அழுகுறப்போ தண்ணில இருக்கிற ஆக்சிஜன் தீர்ந்துபோய் மீனுங்க மூச்சுக்காக மேல வந்து வாயைத் தொறக்கும்.

யூரியா கதை வேற. அது மண்ணுல நைட்ரேட்டா, அதாவது தண்ணில கரையுற நைட்ரஜன் சத்தா மாறிடும், நைட்ரேட் மண்ணுல ஒட்டாது, மழைத்தண்ணியோட நேரா கீழ எறங்கிடும். நம்மது பாறை நிலம், வெடிப்புலதான் தண்ணி நகருது, அதனால உங்க கிணத்துத் தண்ணி பூமிக்கடியிலயே கடலூர் போய்ச் சேராது, பக்கத்து ஓடையில, ஆத்துல ஊத்தா வெளிய வரும். மழை நின்னு ரொம்ப நாள் ஆனப்புறமும் ஆத்து மணல்ல கண்ணாடி மாதிரி ஒரு சின்ன ஓட்டம் இருக்கும் பாருங்க, அதுல நிறைய இந்த ஊத்துத்தண்ணிதான், அதுக்குள்ள என்னைக்கோ போட்ட யூரியாவோட நைட்ரேட் கரைஞ்சிருக்கும். கடலோரத்துல மணல்பாங்கான நிலங்கிறதால அங்கத்து நிலத்தடி நீர் முகத்துவாரத்துக்கு அடியிலயே நேரா கசியுது, கடல் மட்டம் எறங்கி வத்தமா இருக்கிறப்போ இன்னும் ஜாஸ்தி. பாஸ்பேட்டை மண்ணு புடிச்சு வச்சுக்கும், நைட்ரேட்டை விட்டுரும், அதனால அங்க சத்தோட விகிதமே மாறிப்போகுது. கோடையில ஓட்டம் கம்மி, தண்ணி தேங்கும், வெயில் நல்லா எறங்கும், அப்போ கொஞ்சம் சத்து வந்தாலே பாசிக்குப் போதும். எல்லாரும் வெள்ளத்தையே பாக்குறோம், இந்த சத்தமில்லாத கசிவை யாரும் கண்டுக்கிறதில்லைங்கிறதுதான் என் வருத்தம்.

சித்தப்பாகிட்ட இதையும் சொல்லுங்க, அவங்க பக்கத்து வயல் உரமும் ஊர் சாக்கடையும் சேர்ந்துதான் அங்க போகுது. ஓசூர் கெலவரப்பள்ளி அணையில நுரை பொங்குதே, அந்தக் கழிவும் இதே ஆத்துலதான்.

கேள்வி: கிணத்துத் தண்ணில நைட்ரேட் இருந்தா காய்ச்சினா போயிடுமா?
— வாசகர், பாலக்கோடு

பதில்: போகாதுங்க, தண்ணி சுண்டி இன்னும் அடர்த்தியாகும். வாசனை, ருசி எதுவும் தெரியாது, லேப்ல குடுத்துதான் பாக்கணும். குடிக்கிற தண்ணிக்கு லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் எல்லை, அதுக்கு மேலன்னா கைக்குழந்தைக்குப் பால்பவுடர் கலக்க அந்தத் தண்ணிய தொடாதீங்க. பயிருக்குன்னா அதுவே உரம். 45 இருக்கிற தண்ணிய ஒரு ஏக்கருக்கு ஒரு இன்ச் பாய்ச்சினா சுமார் 1 கிலோ நைட்ரஜன் உள்ள போகுது, 2 கிலோவுக்கு மேல யூரியா போட்ட கணக்கு. ரிப்போர்ட்டை வேளாண் அலுவலர்கிட்ட காட்டி, யூரியாவுல அதைக் கழிச்சுக்கிட்டுப் போடுங்க.